முப்பத்தொரு சதவீதம்

கூடத்திலிருந்து 'டிணிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சமையலறையில் டிகாக்ஷனில் பாலை ஊற்றிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மியின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய போனை சார்ஜரில் செருகினால் வருகிற சத்தம் அது. அவள் செருகவில்லை. வீட்டில் இருந்த இன்னொருவர், பத்து நிமிஷத்துக்கு முன்னால் நியூ டவுனிலிருந்து ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்த பட்டாபிராமன்தான். காலஞ்சென்ற அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணா.

டம்ளரை மேடையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த பிளக்கின் முன் பட்டாபி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெரிய காரியம் ஒன்றைச் சாதித்துவிட்ட களை முகத்தில்.

"அண்ணா, அதை எடுத்துடுங்கோ."

"ஐம்பத்தெட்டுல கெடக்கறது, ராஜி. வண்டில போறப்போ அணைஞ்சு போனா?"

"எந்த வண்டில யார் போறா?"

பட்டாபி சோபாவின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பெட்டியைக் கண்ணால் காட்டினார். ராஜலக்ஷ்மி குனிந்தாள். சார்ஜர் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள். போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அறுபது வயது. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அந்தச் சின்ன உருவம் தன் மைத்துனருக்கு எதிரே இப்படி நிமிர்ந்து நின்றது இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான்.

அது இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். ரயில்வேயில் வேலையாயிருந்த அவள் கணவன் சந்தானம் கரக்பூருக்கு டியூட்டிக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்து போனான். முப்பத்து மூன்று வயதுப் பெண்டாட்டி, நாலு வயதுப் பிள்ளை அபினவ். கருணை அடிப்படையில் வந்த வேலை உத்தரவைப் படித்துப் பார்த்த பட்டாபிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாந்த்ராகாச்சி யார்டில், ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் ஓட வைக்கிற பேட்டரிகளைப் பராமரிக்கும் பிரிவில், உதவியாளர் வேலை! "நம்மாத்துப் பொம்மனாட்டி ஆசிட் வாளி தூக்கறதாவது? என் ஆத்துல ஒரு மூலை இல்லையா உனக்கு?" என்றார் அவர். "மூலை இருக்கு அண்ணா. எனக்கு முழு வீடுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினவள் ராஜலக்ஷ்மி.

கோச்சுக்கு அடியில் தொங்கும் இரும்புப் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செல்லாக மூடியைத் திறந்து, ஆசிடின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆசிட் மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். முதல் வருஷம் நாலு புடவைகளில் ஆசிட் பட்டு மிளகு மிளகாக ஓட்டை. ஐந்தாம் வருஷம் டெக்னீஷியன். பத்தாம் வருஷம், யாராவது புதிதாக வந்தால், "அந்த மதராஸி திதி பேட்டரியைத் தொட்டா அதுக்கே ரோஷம் வந்து எழுந்து உட்காரும்" என்று, அக்காவைத் 'திதி' என்கிற வங்காள வழக்கில் சொல்லி அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அந்த யார்டு அவளுக்குக் கற்றுக் கொடுத்த வேதவாக்கு ஒன்று உண்டு. பேட்டரியை அரை வயிற்றோடு போட்டு வைக்காதே. தகட்டில் வெள்ளையாய் உப்புப் படியும், செத்துவிடும். எப்போதும் நிறைத்தே வை. அதை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பூணூல் கல்யாணத்தில், நவராத்திரி வெற்றிலைபாக்கில், எங்கே நாலு பேர் போனை நீட்டினாலும் "நூறுல வெச்சிருக்கேளா? எப்பவும் செருகியே வெச்சிருங்கோ" என்று உபதேசம் செய்தாள். பேட்டரி விஷயத்தில் அவள் சொன்னால் குடும்பத்தில் அப்பீல் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் லேக் கார்டன்ஸில் இந்த இரண்டு அறை ஃபிளாட்டை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பெயர் போட்ட வீடு. இந்த வருஷம் மாசியில் ஓய்வு பெற்றதும், காலையில் கண் விழித்துக் கூரையைப் பார்த்து "என்னுது" என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வாள். அபினவ் புனேயிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்மார்ட்போனுக்கும் ஓர் இடம் ஒதுக்கினாள். சமையல் மேடை, அடுப்புக்குப் பக்கத்து பிளக். அங்கே அது இரவும் பகலும் செருகியபடியே கிடந்தது. நூறு, நூறு, எப்போது பார்த்தாலும் நூறு. யார்டில் ஒழுங்காக இருக்கும் கோச்சைப் பார்ப்பதுபோல் அவளுக்கு மனசு நிறைந்தது.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் அந்த மழை வந்தது.

காலை எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. கீழே தெருவில் முழங்கால் தண்ணீர். பத்து மணிக்குப் போனைப் பார்த்தாள். முப்பத்தெட்டு. 'இருக்கே, தாங்கும்' என்று மேடையிலேயே வைத்துவிட்டு, தானே பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் ஓடுகிற இன்வெர்ட்டர் மக்கர் செய்கிறது என்று கட்டடமே அவளைத்தான் கூப்பிட்டிருந்தது. டெர்மினலைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, அதற்கு உயிர் கொடுத்தாள். நாலாம் மாடி மிட்டு-தி விடவில்லை. "மழை நாள்ல கிச்சுடி சாப்பிடாம போறதா? உட்காரு!" என்று பொரித்த கத்தரிக்காயோடு தட்டை நீட்டினாள். பேச்சு நீண்டது.

கீழே, மேடையில், போன் முப்பத்தெட்டிலிருந்து ஒரே அடியாய் அணைந்து போயிருந்தது.

புனேயிலிருந்து அபினவ் பதினேழு தடவை கூப்பிட்டான். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டான். பட்டாபி, எழுபத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கான்ஸ்டபிளையும் அழைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்தார். தட்டினார். கத்தினார். பிறகு, "உடைங்கோ!" என்றார்.

ராஜலக்ஷ்மி வாய்க்குள் கிச்சுடியின் நெய் மணத்தோடு படியிறங்கி வந்தபோது, அவள் கதவு பாதி பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து, பட்டாபி குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் அவள் வார்த்தையைக் கொடுத்தாள். கான்ஸ்டபிள், மிட்டு-தி, வீடியோவில் அபினவ், அத்தனை பேர் முன்னாலும். "இன்னொரு தரம் என் போன் அணைஞ்சுதுன்னா, மறுபேச்சு பேசாம நியூ டவுனுக்கு வந்துடறேன்."

மறுநாளே ஸ்டேஷன் பக்கத்தில் கைபேசி பழுது பார்க்கும் பாபன்-தாவிடம் போனாள். நாற்பது வயது ஆள், கண்ணில் பூதக்கண்ணாடி, மூத்த பெண்கள் எல்லாரும் அவருக்கு 'மாஷிமா', சித்தி. போனின் முதுகைத் திறந்தவர் கடகடவென்று சிரித்துவிட்டார்.

"மாஷிமா, இது பேட்டரியா, லுச்சிப் பூரியா? எண்ணெயில போட்ட மாதிரி உப்பியிருக்கே! சொல்லுங்க, எந்நேரமும் செருகியே வெச்சிருந்தீங்களா?"

"ஆமாம். நூறுக்குக் கீழே இறங்கவே விடலை. நான் இருபத்தாறு வருஷம் பேட்டரி பார்த்தவ."

"எந்தப் பேட்டரி?"

"ரயில் பேட்டரி."

"அது ஈயமும் ஆசிடும் சாப்பிடற யானை. நிறைய நிறையப் போட்டாத்தான் நிக்கும். இது லித்தியம், மாஷிமா. நூறுலயே வெச்சா இதுக்கு மூச்சு முட்டும். சுத்தமா காலி பண்ணினாலும் பிராணன் போகும். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவுல விட்டா வருஷக்கணக்கா ஓடும். எங்கே வெச்சு சார்ஜ் போடுவீங்க?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

பாபன்-தா பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சூடு வேறயா! நீங்க இதை வளர்க்கலை மாஷிமா, வறுத்திருக்கீங்க. முப்பத்தெட்டுன்னு கண்ணுக்குக் காட்டும், உள்ளே சத்து இருக்காது. கொஞ்சம் பாரம் கொடுத்ததும் பொசுக்குன்னு விழுந்துடும்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. இருபத்தாறு வருஷத்துப் பெருமை ஒரு மர ஸ்டூலின் மேல் உப்பிக் கிடந்தது. சண்டை போடலாமா என்று பார்த்தாள். ஆனால் செத்துப் போன பேட்டரியை எதிரில் வைத்துக்கொண்டு வாதாட அவள் பழகியதில்லை. "புதுசு போடுங்கோ" என்றாள்.

போட்டு வந்த பிறகும் அவள் பாபன்-தாவை அப்படியே நம்பிவிடவில்லை. யார்டில் செய்தது போலவே மூன்று வாரம் மணி போட்டுக் குறித்தாள். எத்தனை மணிக்கு எத்தனை சதவீதம், கையில் சூடு தெரிகிறதா, அரை மணி பேசினால் எவ்வளவு இறங்குகிறது. படுக்கையில் இல்லை, அடுப்படியில் இல்லை, ஜன்னலோரக் காற்றில் வைத்துச் செருகினாள். எண்பதில் தானே நிற்கும்படி போனிலேயே ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டாள். போன் குளுகுளுவென்று இருந்தது. எண்கள் படிப்படியாக, பொய் சொல்லாமல், இறங்கின. ராஜலக்ஷ்மி ஒப்புக்கொண்டாள்.

ஆனால் பட்டாபியை யார் ஒப்புக்கொள்ள வைப்பது?

கதவை உடைத்த நாளிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அவருடைய போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். ஜுரம் பார்க்கிற டாக்டர் போல, "எத்தனை?" என்பார்.

"ஐம்பத்திரண்டு."

"ஐயையோ! உடனே செருகு!"

"நாற்பத்தேழு."

"ராஜி, நீ என்னைக் கொல்லப் பார்க்கறியா?"

மிட்டு-தி தலையில் அடித்துக்கொண்டாள். "நூறுன்னு சொல்லித் தொலையேன்! அவர் என்ன வந்து எட்டிப் பார்க்கப் போறாரா?" ராஜலக்ஷ்மி தலையாட்டி மறுத்தாள். மிதவை காட்டாத எண்ணை அவள் ஆயுசில் எழுதியதில்லை. ஒரு கிழவரின் மன நிம்மதிக்காகவும் எழுத மாட்டாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. இன்றைக்கு நூறு என்று பொய் சொன்னால், தன் வீட்டில் தான் இருக்க அவரிடம் தினமும் அனுமதி வாங்குவதாக ஆகிவிடும்.

நேற்று மாலை ஆறு மணி. "எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

 "நாளைக்குக் காலம்பற வரேன். துணிமணியை எடுத்து வை" என்று போன் வைக்கப்பட்டது.

அப்படி வந்தவர்தான் இப்போது காலிப் பெட்டியோடு கூடத்தில் நிற்கிறார்.

"கீழே வண்டி நிக்கறது. பன்னெண்டுக்குள்ள கிளம்பினா பைபாஸ்ல நெரிசல் இருக்காது" என்றார் பட்டாபி. "தெக்குப் பார்த்த ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கா உன் மன்னி. முட்டி ஆபரேஷனுக்கு அப்பறம் அவளுக்கும் ஒரு துணையாச்சு. பாரு, உனக்குன்னு புதுப் போனே வாங்கிண்டு வந்திருக்கேன்."

"எதுக்கு இதெல்லாம்? நான் என்ன வார்த்தை குடுத்தேன் அண்ணா?"

"போன் அணைஞ்சா வரேன்னே."

"அணைஞ்சுதா? இந்த ரெண்டு மாசத்துல, ஒரு நாள், ஒரு நிமிஷம்? நீங்க கூப்பிட்டு நான் எடுக்காம இருந்த நாள் ஒண்ணு சொல்லுங்கோ."

"அணையப் போறது! முப்பத்தொண்ணுல விட்டா அணையாம? போன தரம் முப்பத்தெட்டுலதானே போச்சு?"

"அது செத்த பேட்டரியோட முப்பத்தெட்டு. இது உசிரோட இருக்கற பேட்டரியோட முப்பத்தொண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்லை."

"என்ன கதை விடறே!" பட்டாபியின் குரல் உயர்ந்தது. "எப்பவும் நூறுல வைன்னு ஊரெல்லாம் உபதேசம் பண்ணினது யாரு? நீதானே? உன் பேச்சைக் கேட்டுண்டுதான் எங்காத்துல அஞ்சு போனும் விடிய விடிய செருகியே கெடக்கறது. இப்ப உனக்கே அது தப்பா?"

ராஜலக்ஷ்மி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"தப்புதான்."

"என்னது?"

"நான் சொன்னது தப்பு. ரயில் பேட்டரிக்குச் சரியானதைப் போனுக்கும் சரின்னு நெனைச்சேன். என் கையாலயே அதைக் கொன்னேன். இனிமே ஊரெல்லாம் போய் மாத்திச் சொல்றேன், உங்காத்துல ஆரம்பிச்சு. அவமானமாத்தான் இருக்கு. ஆனா தப்புன்னு தெரிஞ்சதை, உங்களுக்குப் பயமா இருக்குங்கறதுக்காக என்னால திரும்பப் பண்ண முடியாது."

"பயமா? எனக்கென்ன பயம்?" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.  சோபாவில், பெட்டிக்குப் பக்கத்தில், பொத்தென்று உட்கார்ந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"அன்னிக்கு மத்தியானம், சந்தானத்துக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு, உங்காத்துல அப்ப போன் இல்லையோன்னோ, கரக்பூர்லேர்ந்து எங்காத்துக்குத்தான் போன் பண்ணியிருக்கா. லைன் கிடைக்கலைன்னு சொன்னேனே உங்கிட்ட. பொய், ராஜி. சித்த நேரம் தூங்கலாம்னு நான்தான் ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சிருந்தேன். ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் அவனுக்கு உசிர் இருந்தது. நீ போய்ப் பார்த்திருக்கலாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே வண்டிக்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

அவள் அழவில்லை. அலறவில்லை. அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்."

பட்டாபி நிமிர்ந்தார்.

"பதினெட்டு வருஷமாத் தெரியும். மன்னிக்கு டைஃபாய்டு வந்து நான் பார்த்துண்டேனே, அப்ப சொன்னா. சொல்லிட்டு என் காலைப் பிடிச்சுண்டு அழுதா. ஒரு மாசம் நான் உங்க முகத்தைப் பார்க்கலை, நீங்க கவனிக்கலை. அப்பறம் ஒரு நாள் யார்டுல உட்கார்ந்து யோசிச்சேன். தூக்கம் வந்து ரிசீவரை எடுத்து வெச்ச மனுஷனுக்கு நான் என்ன தண்டனை குடுக்கறது? நீங்களே குடுத்துண்டுதானே இருக்கேள்?"

"அதனாலதாண்டி சொல்றேன், வந்துடு!" அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "என் கண் முன்னால இரு. எனக்கு அது போறும்."

"வர மாட்டேன், அண்ணா."

"ராஜி..."

"உங்க பயத்துக்குள்ள நான் குடி வர முடியாது. அங்கே ரூம் இருக்கு, ஃபேன் இருக்கு, எல்லாம் இருக்கு. நான் இருக்க மாட்டேன். முப்பத்து மூணு வயசுல ஒரு மூலை வேண்டாம்னு போனேன். அறுபது வயசுல பெரிய மூலை ஒண்ணு குடுக்கறேள். அதுவும் வேண்டாம். நாளைக்கே இந்தக் கூடத்துல நான் தனியா விழுந்து செத்தாலும், அது என் கூடம். அதுக்கு நீங்க பொறுப்பு இல்லை. எழுதித் தரணுமா?"

"அபசகுனமாப் பேசாதே."

"சகுனம் பார்த்தா நான் சாந்த்ராகாச்சிக்குப் போயிருக்கவே மாட்டேன்." அவள் எழுந்தாள். புதுப் போன் டப்பாவை எடுத்துக் காலிப் பெட்டிக்குள் வைத்தாள். மூடினாள். இரண்டு பூட்டையும் 'டப் டப்' என்று அழுத்தினாள். "இன்னொண்ணு. நாளையிலேர்ந்து ஆறு மணிக்கு எத்தனைன்னு கேக்கக் கூடாது. கேட்டா சொல்ல மாட்டேன். சாப்பிட்டியா, முட்டி வலிக்கறதா, மழை பெஞ்சுதா, இதையெல்லாம் கேளுங்கோ. ராத்திரி வரைக்கும் பேசறேன்."

பட்டாபி அவளையே பார்த்தார். கோபித்துக்கொள்ள நினைத்தார் போலிருந்தது. முடியவில்லை. ஆறிப் போயிருந்த காபியை அவள் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுக்காமல் குடித்தார்.

"நெஞ்சழுத்தம்டி உனக்கு" என்றார் டம்ளரைக் கீழே வைத்தபடி.

"இருக்கணுமே. ஆசிட்டோட குடித்தனம் பண்ணினவ."

"உன் மன்னிகிட்ட என்ன சொல்றது?"

"வர மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்கோ. ஞாயித்துக்கிழமை நானே வரேன். உங்காத்து அஞ்சு போனையும் வரிசையா வெச்சு நாலு வார்த்தை சொல்லணும். சாயங்காலம் திரும்பிடுவேன்."

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது கொஞ்சம் தடுமாறினார். அவள் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, சுவரைப் பிடித்து நிமிர்ந்தார்.

"போய்ட்டு வரேன்" என்றார்.

"ஜாக்கிரதையா இறங்குங்கோ. ரெண்டாம் மாடித் திருப்பத்துல ஒரு படி உடைஞ்சிருக்கு."

அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பத்தில் ஒரு தடவை நின்று மேலே பார்த்தார். பிறகு தலை மறைந்தது. வண்டிக் கதவு அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்கும் வரை ராஜலக்ஷ்மி வாசலிலேயே நின்றாள். அதன் பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.